ஊட்டியில் ஒன்பது நொடி: ஒரு கண்டக்டரின் புல்லாங்குழல் மூச்சு

மேட்டுப்பாளையத்தில் 17 நொடி. ஊட்டியில் 9 நொடி. ஒரே ஆள், ஒரே குழல், ஒரே மத்திய ஸ்தாயி ஷட்ஜம், அதாவது நடு ‘ஸ’. ஒரு மூச்சு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அவரே செல்போனில் அளந்து, பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"பாருங்க டீச்சர், மலையேறுனா பாதிக் காத்து போயிருதுங்க. இது ஒடம்புக் கோளாறா, ஊருக் கோளாறாங்க?"

இதற்குச் சரியான பதில் கிடைக்க எனக்கு நாலு மாசம் ஆனது. அதில் இரண்டு மாசம் தப்பான இடத்தில் தேடினேன். அதையும் சேர்த்தேதான் எழுதுகிறேன். அவர் சம்மதத்தோடுதான்; பேர் மட்டும் வேண்டாம் என்றார். "டிப்போவுல ஓட்டியே கொன்னுருவானுங்க."

வயது 38. அரசுப் பேருந்து நடத்துனர், மேட்டுப்பாளையம்–ஊட்டி தடம். வாரத்தில் இரண்டு மூன்று இரவு ஊட்டியில் நைட் ஹால்ட். மறுநாள் முதல் டிரிப்புக்கு முன்னால், காலையில் ஒரு மணி நேரம் என் வீட்டில் வகுப்பு. இப்படி இரண்டு வருஷம். சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதங்கள் எல்லாம் முடித்து மோகன வர்ணத்தில் இருந்தார். புகைப் பழக்கம் இல்லை, இழுப்பு இல்லை. பதினைந்து வருஷமாக விசில் ஊதுகிறவர். முதல் நாள் வந்தபோது, "ஊதறதுதானுங்க நம்ம பொழப்பே" என்று சிரித்தார். அந்த விசிலும் பின்னால் கணக்கில் வரும்.

குறை என்னவென்றால், மோகன வர்ணத்தின் பல்லவியில், ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு அட்சரம் கொண்ட ஒரு தாளச் சுற்று, நிதானமாகப் போட்டால் எட்டு நொடி. கீழே தன் வீட்டில் அதை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார், மிச்சமும் இருக்கிறது. மேலே வந்தால் ஆறாவது அட்சரத்திலேயே திணறல். தோள் தூக்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, கடைசி இரண்டு ஸ்வரம் காற்றாகப் போகிறது.

கேட்டவர்கள் எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றே: மலைக்காற்று மெலிசு. நானும் அதைத்தான் நினைத்தேன். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஊட்டியில் இருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும், உண்மை. ஆனால் அன்றைக்கே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் காரணம் போதாது என்று தெரிந்திருக்கும். நான் போடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொடுக்கிற மிதப்பு.

நான் கொடுத்த தப்பு மருந்து

மூச்சு போதவில்லை என்றால் மூச்சைக் கூட்டு என்பதுதான் நாம் எல்லாரும் முதலில் சொல்வது. ஆழமாக இழு, பத்து எண்ணும் வரை அடக்கு, ஸ்ட்ராவில் ஊதி மெல்ல விடு, காலையும் மாலையும் இருபது தடவை என்று கொடுத்தேன். சொன்னதைச் செய்கிற மனுஷன். பர்லியாரில் டீக்கு வண்டி நிற்கிற பத்து நிமிஷத்தில்கூடச் செய்திருக்கிறார். ஒரு நாள் அங்கேயே தலை சுற்றி, விரல் நுனி மரத்து, டிரைவர் பயந்துபோய்ச் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. விடாமல் ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். கிறுகிறுப்பும் விரல் மரப்பும் அதனால்தான். மலைமேல் உடம்பு ஏற்கெனவே கொஞ்சம் கூடுதலாகத்தான் மூச்சு விடுகிறது. அதன்மேல் நான் இருபது சுற்று ஏற்றி வைத்திருக்கிறேன். அந்த வாரமே நிறுத்தினேன். இரண்டு மாசப் பயிற்சிக்குப் பிறகு ஊட்டிக் கணக்கு 9 நொடியிலிருந்து 10 ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

"வயிற்றிலிருந்து ஊது" என்று நம் வகுப்புகளில் சொல்கிறோமே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதரவிதானம் காற்றை உள்ளே இழுக்கிற தசை. அது காற்றை வெளியே தள்ளாது. தள்ளுவது வயிற்றுச் சுவர்த் தசைகளும் விலா இடைத் தசைகளும். நெஞ்சு முழுக்க நிரம்பியிருக்கும்போது அவையும் அவசியமில்லை. உப்பிய நெஞ்சு பலூன் மாதிரி தானாகவே சுருங்கப் பார்க்கும். ஆக, ஒரு மூச்சின் முதல் பாதியில் வாசிப்பவரின் வேலை தள்ளுவது இல்லை, பிடித்து நிறுத்துவது. இழுத்த தசைகளையே மெல்ல மெல்ல விட்டுக்கொடுப்பது. பிற்பாதியில்தான் வயிறு வேலைக்கு வர வேண்டும். எடுத்த எடுப்பிலேயே வயிற்றை எக்கினால் முதல் மூன்று நொடியில் பாதிச் சரக்கு போய்விடும். நம் கண்டக்டர் அதைத்தான் செய்தார். பதினைந்து வருஷ விசில் பழக்கம். "ரைட்" கொடுக்க ஒரு நொடி போதும், முழு நெஞ்சும் அந்த ஒரு நொடியில் போகலாம். சிக்கனத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் அந்த விசில் பழக்கம் மேட்டுப்பாளையத்திலும்தானே இருந்தது? அங்கே 17 நொடி எப்படி வந்தது? அந்த இடத்தில்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

குழலில் ஸ்வரத்தைப் பேசவைப்பது உதட்டிலிருந்து துளையின் எதிர் விளிம்புக்குப் போகிற காற்றுத் தாரையின் வேகம். காற்று அடர்த்தி குறைந்தால் அதே அழுத்தத்தில் தாரை கொஞ்சம் வேகமாக ஓடும். மேட்டுப்பாளையக் காலையையும் ஊட்டிக் குளிர்காலக் காலையையும் ஒப்பிட்டால் அடர்த்தி வித்தியாசம் உத்தேசமாக ஆறில் ஒரு பங்கு. வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், கீழே பழகிய அதே அழுத்தத்தில் ஊதினால் மேலே காற்றுச் செலவு பத்தில் ஒரு பங்கு கூடும், அதற்குள்தான். நுரையீரலின் கொள்ளளவு எங்கேயும் அதேதான். 17 நொடி 15 ஆகலாம். 9 ஆகாது. மீதி ஆறு நொடியை மலை தின்னவில்லை.

ஜனவரி காலை

தை மாசம், புல்வெளியில் உறைபனி. வழக்கமாக உள்ளறையில் நடக்கும் வகுப்பு அன்று பின்பக்க வராந்தாவில். உள்ளே விருந்தாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிழக்கு வெயில் சாய்வாக விழுந்தது. அவர் வாயில் குழலை வைத்து ஷட்ஜத்தைப் பிடித்தார்.

மூச்சு தெரிந்தது. கண்ணுக்கு. வாயிலிருந்து புகையாக வந்த காற்றில் பாதிக்குமேல் துளையைத் தாண்டிக் குழலுக்கு அந்தப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. பீடி இழுத்து விட்ட மாதிரி ஒரு பட்டை. நான் என் குழலை எடுத்து அதே ஷட்ஜத்தை வாசித்துக் காட்டினேன். எனக்கு நூல் மாதிரி ஒரு கீற்று.

"ஏனுங்க டீச்சர், உங்களுக்குப் பொகையே வரலீங்களே?"

இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், குளிர் இப்படி ஒரு வாத்தியார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சமவெளியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

உற்றுப் பார்த்தால், உதட்டு இடைவெளி அகலமாக இருந்தது, குழலை வெளிப்பக்கமாக உருட்டியிருந்தார். இரண்டும் காற்றை வீணாக்கும். இரண்டும் சேர்ந்து இன்னொன்றையும் செய்யும்: சுருதியைத் தூக்கும். ஏன் தூக்குகிறார்? சுருதிப் பெட்டியை நிறுத்தச் சொன்னேன். "தம்பி, சுருதியே இல்லாம, உங்களுக்குச் சௌகரியமா ஊதுங்க." உதடு தானாகக் குறுகியது. குழல் உள்பக்கம் திரும்பியது. புகை மெலிந்தது. 14 நொடி.

இரண்டு தடவை, மூன்று தடவை செய்து பார்த்தோம். பெட்டி ஓடினால் ஒன்பது, பத்து. நிறுத்தினால் பதிமூன்று, பதினாலு. பெட்டியைப் போட்டு நுண்சுருதிக் குமிழைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். அப்போதும் பதினாலு. சுருதிப் பெட்டிதான் மனுஷனின் மூச்சைக் குடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஒலியின் வேகம் காற்றின் சூட்டைப் பொறுத்தது. ஒரு டிகிரி குறைந்தால் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் குறையும். 20 டிகிரி இறங்கினால் 12 மீட்டர், அதாவது நூற்றுக்கு மூன்றரை பங்கு. கட்டை என்பது நாம் சுருதியைச் சொல்கிற அளவு; அரைக்கட்டை என்பது நூற்றுக்கு ஆறு பங்குக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆக, ஐந்து கட்டைக் குழல் நல்ல குளிரில் நாலே முக்கால் கட்டைக்கு இறங்கப் பார்க்கும். ஊதுகிற மூச்சு குழலுக்குள்ளே சூடேற்றுவதால் அவ்வளவு முழுசாக இறங்காது. ஆனாலும் காதுக்கு நன்றாகவே தெரியும். காற்று மெலிசாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சூடுதான் கணக்கு. எலக்ட்ரானிக் பெட்டிக்குக் குளிர் உறைக்காது, அது ஐந்திலேயே நிற்கும்.

அவர் குழல் இரவு முழுக்க ஊழியர் ஓய்வறையில் இரும்பு அலமாரியில் கிடந்து வருகிறது. என் குழல் சமையலறைச் சுவரை ஒட்டின அலமாரியில் இருக்கிறது. வகுப்புக்கு முன்னால் என் கை தானாகவே பெட்டிக் குமிழைத் திருகி என் குழலோடு சேர்த்துவிடும். அம்மா சாதத்தைக் கையால் தொட்டுப் பதம் பார்ப்பது போல, செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிற காரியம். அதனால் அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

அவர் சுருதி தவறியிருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பேன். அவர் தவறவிடவில்லை. காது அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தமான காதுக்கு மூச்சு கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. காது மந்தமான மாணவர் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் கூசாமல் கீழ்ச்சுருதியில் 14 நொடி வாசித்துவிட்டுப் போயிருப்பார்.

கண்ணால் பார்த்தது போதாது என்று எண்ணாகவும் பார்த்தோம். மெடிக்கல் ஷாப்பில் ஒரு புது ட்ரிப் டியூப் வாங்கி, குங்குமம் கரைத்த தண்ணீரை நிரப்பி, சுவரில் ஸ்கேல் பக்கத்தில் ‘ப’ வடிவத்தில் ஒட்டினோம். ஒரு முனை வாயின் ஓரத்தில், மறுமுனை திறந்தபடி. வாசிக்கும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்பதுதான் வாய்க்குள் இருக்கும் அழுத்தம். கொத்தனார் டியூபில் மட்டம் பார்க்கிற அதே வித்தை. பெட்டியோடு 9 சென்டிமீட்டர், பெட்டி இல்லாமல் 5. விளையாட்டாக அந்த முனையிலேயே விசில் ஊதுகிற வேகத்தில் ஊதிப் பார்த்தார். தண்ணீர் மறுமுனை வழியாகப் பீய்ச்சிச் சுவர்க் காலண்டரை நனைத்தது. முருகன் நெற்றியில் இன்னும் அந்தக் குங்குமம் இருக்கிறது.

என்ன மாற்றினோம்

முதலில் குழலின் சூடு. இரவில் குழல் அலமாரியில் இல்லை, போர்வைக்குள். வகுப்புக்கு வரும்போது ஸ்வெட்டருக்குள், மார்போடு. வந்ததும் எல்லாத் துளையையும் மூடி, ஓசை வராமல் ஹா என்று வாய்ச்சூட்டை ஐந்தாறு தடவை உள்ளே விடுவது. ஹீட்டர் பக்கத்திலோ அடுப்பு மேலோ காட்டக் கூடாது. மூங்கில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் நீளவாக்கில் வெடிக்கும். எனக்கு அப்படி ஒரு நல்ல குழல் போயிருக்கிறது.

இரண்டாவது, பெட்டி குழலுக்குச் சேர வேண்டும், குழல் பெட்டிக்கு இல்லை. முதல் கால் மணி நேரம் சுருதியை இறக்கி வைத்துத் தொடங்குவது, குழல் சூடேறச் சூடேற இரண்டு மூன்று தடவை குமிழை ஏற்றுவது. இதை ஒரு வேலையாக அவரிடமே ஒப்படைத்தேன்.

உதடுதான் நாளானது. உதட்டு இடைவெளி ஒரு அரிசி அளவு, அதுவும் பச்சரிசி. மெழுகுவர்த்தியை எதிரே வைத்து அணையாமல் ஊது என்று பலர் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது காற்றைத் தூர அனுப்பப் பழக்கும். குழலில் காற்று ஒரு விரல் தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நாங்கள் புகையையே பார்த்தோம். வராந்தாவில் வெயிலுக்குக் குறுக்காக உட்கார்ந்து, ஷட்ஜம் கெடாமல் புகையை எவ்வளவு மெலிசாக்க முடியும் என்பதுதான் பாடம். டியூபில் 5 சென்டிமீட்டரில் தண்ணீரை ஆடாமல் நிறுத்துவது இன்னொரு பாடம். முதல் நொடியிலேயே ஏறிக் குதிக்கும் தண்ணீர், மூன்றாவது வாரம் மெல்ல ஏறி நிற்க ஆரம்பித்தது. தசைகளை விட்டுக்கொடுத்துப் பிடிப்பது என்று நான் மேலே சொன்னேனே, அதை வாயால் விளக்கி அவருக்குப் புரியவைக்க முடிந்ததில்லை. தண்ணீர் புரியவைத்தது.

மூச்சு எடுக்கும் இடத்தையும் குறித்தோம். அதுவரை காற்று தீர்ந்த இடத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். புல்லாங்குழல் மேதை மாலி (டி.ஆர். மகாலிங்கம்) குழலை வாய்ப்பாட்டின் வழிக்குக் கொண்டுவந்த பிறகு நமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. சாகித்தியத்தில், அதாவது பாட்டின் வரிகளில், சொல் முடிகிற இடம்தான் மூச்சுக்கும் இடம். வர்ணத்தை முதலில் பாடவைத்து, சொல் உடையாத இடங்களில் பென்சிலில் கோடு போட்டோம். மப்ளரை மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கத்தையும் கழற்றவைத்தேன், சின்ன விஷயம்.

நடுவில் ஒரு நாள், நாதஸ்வரக் கச்சேரிகளில் முன்பு ஒத்து (சுருதிக்காக மட்டும் ஊதுகிற குழல்) ஊதினவர்கள் மூச்சு விடாமல் ஊதினார்களே, அதைக் கற்றுக்கொடுங்கள் என்றார். கன்னத்தில் காற்றைச் சேர்த்து அதைத் தள்ளிக்கொண்டே மூக்கால் இழுக்கிற வித்தை. அதற்கு இவர் ஒத்துக்காரரைத் தேடித் தஞ்சாவூர் போக வேண்டாம், நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் கொள் என்கிற ஊதுகுழலிலேயே அது தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்தக் குழல் சத்தம் சடங்கில் அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அவையெல்லாம் வாய்க்குள் சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியங்கள். அந்தச் சீவாளி காற்றுக்குக் கொடுக்கிற எதிர்ப்பு இருப்பதால்தான் கன்னத்துக் காற்று தாங்கும். புல்லாங்குழல் துளை வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது, கன்னத்தில் சேர்த்தது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். முடியாது என்று சொல்லவில்லை. ஓட்டையை அடைக்காமல் தொட்டியைப் பெரிசாக்க வேண்டாம் தம்பி என்றேன். ஸ்ட்ரா கொடுத்தவளே நான்தான் என்பதால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறு டிசம்பர்

மார்ச் கடைசியில் ஊட்டிக் கணக்கு 15 நொடி. அவருக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை, மார்ச்சில் குளிரும் போய்விட்டதே, இது எங்கள் வேலையா வெயிலின் வேலையா? அதனால் இந்தக் கட்டுரையை அப்போது எழுதாமல் ஒரு சுற்றுக் காத்திருந்தேன்.

டிசம்பரில் மறுபடி அதே வராந்தா, வெளியே புல் வெளுத்திருந்த காலை. போர்வைக்குள் இருந்து வந்த குழல், இறக்கி வைத்த சுருதி. 15 நொடி, இரண்டு தடவை 16. அன்றே சோதனைக்காகக் குழலைக் கால் மணி நேரம் வெளித்திண்ணையில் வைத்து, சுருதியையும் ஐந்துக்கு ஏற்றிக் கொடுத்தேன். 11. போன வருஷத்து 9க்கும் இந்த 11க்கும் உள்ள இரண்டு நொடி உதடு சம்பாதித்தது. மிச்சம் குழலின் சூடும் குமிழும். மேட்டுப்பாளையத்தில் 20 தாண்டியிருக்கிறது என்று டிரிப் ஷீட் சொல்கிறது. நான் பார்க்கவில்லை, ஆனால் அவர் கணக்கில் பொய் எழுதுகிற ஆள் இல்லை.

தீராதது ஒன்று இருக்கிறது. மேல் ஸ்தாயிக்குத் தாரை வேகம் கூட வேண்டும். வேகம் என்றதும் பழைய விசில் வந்துவிடுகிறது. உதடு அகல்கிறது, வயிறு எக்குகிறது, மேல் ஷட்ஜம் தாண்டினதும் பாதி காற்றுதான். அதிலும் கூட்டம் அதிகமான சீசன் நாட்களில், ஒரு டிரிப்புக்கு நூறு தடவை விசில் ஊதிவிட்டு வந்த மறுநாள், தெளிவாகவே மோசம். மே மாசம் மலர்க் கண்காட்சி முடிகிற வரை மேல் ஸ்தாயிப் பக்கம் போவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அதுவரை மத்திய ஸ்தாயியில் சரணம்.

போன வாரம் வந்தபோது வழக்கம்போல ஸ்வெட்டருக்குள் கை விட்டுக் குழலை எடுத்தார். கூடவே ஒரு டிக்கெட் மிஷினும் வந்தது.

"இதும் குளிர்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குதுங்க டீச்சர்" என்றார்.